நான் எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம்

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடம். பாடசாலை விட்டு வந்து, ஒன்பதாம் வகுப்பின் கணக்குக் கொப்பிகளை மேசையில் பரப்பிவைத்திருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. எடுக்கும்போது அதன் முகப்பில் தெரிந்த நேரம் அப்படியே மனதில் பதிந்துவிட்டது. மாதங்கள் கடந்துவிட்டன. இன்றும் அந்த நேரத்துக்குத் தொலைபேசி அடித்தால், எடுக்கமுதல் யார் என்று இரண்டு தரம் பார்ப்பேன்.

அழைத்தவர் வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் செயலாளர். அந்தக் கோயில் திருவிழாவில் என் மகளின் பாட்டுக் கச்சேரி ஒழுங்காகியிருந்தது.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. இந்த முறை பாட்டு வேண்டாமாம். பட்டிமன்றம் வைப்பம் எண்டு இளம் ஆக்கள் ஒற்றைக் காலிலை நிக்கினம்."

"நோட்டீஸ் அடிச்சாச்செண்டு போன கிழமைதானே சொன்னனீங்கள்?"

"ஓம்... அதைத் திருப்பி அடிக்கிறம்."

அங்கேதான் எனக்கு ஏதோ பிழை என்று பட்டது. எங்கள் பக்கத்தில் திருவிழா நோட்டீஸை யாரும் திருப்பி அடிப்பதில்லை. பெயர் மாறி அச்சாகியிருந்தால், அதன் மேல் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டிவிட்டுக் கொடுப்பார்கள். ஒரு பாட்டுக்காரியின் பெயரை எடுப்பதற்காக முழு நோட்டீஸையும் திருப்பி அடிக்கிறார்கள் என்றால், அந்தப் பெயர் துண்டுக் கடதாசிக்குக் கீழேகூட இருக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள்.

சனிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு கோயில்கள் வேண்டாம் என்றன. ஒருவர் மழையைச் சாட்டினார். அது வெயில் கொளுத்திய வைகாசி மாதம்.

மகள் நான்கு வருடம் சங்கீதம் படித்துப் பட்டம் பெற்றவள். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். சித்திரையிலிருந்து ஆவணி வரை கோயில் மேடைகள்தான் அவளுடைய தொழில். அந்த மாதங்களில் அவள் குளிர்த் தண்ணீர் குடிக்கமாட்டாள், தலைக்குக் குளித்துவிட்டு விசிறிக்குக் கீழே இருக்கமாட்டாள். வீடு முழுக்க அந்தத் தொண்டையைச் சுற்றியே நடக்கும். அந்தச் சனிக்கிழமை அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, நின்ற நிலையில் குடித்தாள்.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் என் கணவர். கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் முகாமையாளராக இருக்கிறார். கடைக்கு வந்த ஒருவர் தன் தொலைபேசியில் காட்டியதைக் கெஞ்சிக் கேட்டுப் படம் எடுத்து வந்திருந்தார். சுற்றுவட்டாரக் கோயில் நிர்வாகத்தார் சேர்ந்து வைத்திருக்கும் வட்ஸ்அப் குழுவில் போடப்பட்ட பட்டியல் அது. தலைப்பு: 'மேடை கொடுக்கக்கூடாதவர்கள்'. கீழே ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரியில் குற்றம். முதலாவது ஒரு நாதஸ்வரக்காரர்: 'சிவப்புக்காரரின் ஊர்வலத்தில் வாசித்தவர்.' மூன்றாவது என் மகள்: 'மேதின மேடையில் பாடியவர்.' நான்காவது, அவளுக்கு எப்போதும் மிருதங்கம் வாசிக்கிறவர்: 'மேற்படியாருக்கு வாசித்தவர்.'

"உந்தக் கோதாரிக்கெண்டு ஒரு குழு வேற," என்றார் கணவர். "ஆர் அனுப்பினதெண்டு பாரும்."

அனுப்பியவர் எங்கள் ஊர்க் கோயிலின் செயலாளர். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். பத்து வீடு தள்ளி இருக்கிறார்.

மேதின மேடை என்பது இவ்வளவுதான். உரும்பிராயில் வெங்காயத் தோட்டங்களில் நாள்கூலிக்கு நிற்கிற பெண்கள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய முதலாவது மேதினக் கூட்டம். தெற்கிலிருந்து சிவப்புச் சட்டை போட்ட இரண்டு மூன்று பேர் வந்து சிங்களத்தில் பேச, ஒருவர் தமிழில் சொன்னார். நடுவில் மகள் ஒரு பாட்டுப் பாடினாள். சொற்கள் அந்தப் பெண்களில் ஒருத்தி எழுதியவை. மெட்டு இவள் போட்டது. குனிந்து வெங்காயம் கிண்டுகிற முதுகைப் பற்றிய பாட்டு. அதை யாரோ முப்பது விநாடி எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் சிவப்புக் கொடி ஆடுகிறது. 'கொழும்புச் சிவப்புக்காரருக்குத் தமிழ்ப் பிள்ளையள் மேளம்' என்று அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்.

இதில் நான் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். கை தட்டினேன்.

பட்டியல் என்ற சொல் என் வயதுக்காரர்களை என்ன செய்யும் என்று இளம் ஆட்களுக்கு விளங்காது. நான் பள்ளிப்பிள்ளையாக இருந்த காலத்தில், ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு இராணுவத்தார் எங்கள் ஊர் ஆண்களை வெயிலில் நிறுத்தினார்கள். என் அண்ணையின் பெயரை வாசித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா அன்று அழவில்லை. மேசைக்கு முன்னால் இருந்து, தன் வடிவான எழுத்தில் முகாம் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். என் மகன் அறியாமையால் சேரக்கூடாத ஆட்களோடு நின்றுவிட்டான், இனி அப்படி நடக்காது, நான் பொறுப்பு என்று. மூன்றாம் நாள் அண்ணை வந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. அதிகாரத்தில் உள்ளவருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினால், பெயர் பட்டியலில் இருந்து இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் இன்னும் எழும்பவில்லை. கோடு போட்ட நல்ல தாளை எடுத்தேன். 'எனது மகள் அறியாமையால் அந்த மேடையில் பாடிவிட்டார். இனி இவ்வாறு நிகழாது என்று தாயாகிய நான் உறுதி கூறுகிறேன்.' அப்பாவின் வசனம் அப்படியே வந்து விழுந்தது. கை நடுங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகத் திருத்தமான எழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

கணவருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் எங்கள் கோயில் செயலாளரின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று வாசித்தார்.

"ரீச்சற்றை எழுத்தெண்டா எழுத்துத்தான். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"பேரை எடுத்துவிடுவியளோ?"

"நான் தனிய முடிவெடுக்கேலாது. ஆனா உது நல்ல தொடக்கம்."

நல்ல தொடக்கம் என்றதை நான் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தேநீரில் சீனி கூடிவிட்டது என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை என் கடிதம் அந்தக் குழுவில் இருந்தது. படம் எடுத்துப் போட்டு, கீழே செயலாளர் எழுதியிருந்தார்: 'தாயாரே ஒப்புக்கொண்டுள்ளார். ஏனைய ஆறு பேரிடமும் இதே மாதிரி ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளவும்.' நாதஸ்வரக்காரருக்கு, நாடகம் போடுகிறவருக்கு, மிருதங்கக்காரருக்கு என்று எல்லோருக்கும் என் கடிதத்தின் நிழற்பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றி எழுதச் சொன்னார்களாம். ஒன்பதாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் மாதிரிக் கணக்குச் செய்து காட்டுவது போல ஆகிவிட்டது.

மகளின் தொலைபேசிக்கும் அது வந்துசேர்ந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, நான் அறியாமையோ பாடினனான்?"

நான் தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்துத் துருவினேன்.

"அண்டைக்குச் சேலையை நீங்கள்தானே அயன் பண்ணித் தந்தனீங்கள். பின்னுக்கு இருந்து கை தட்டினதைக் கண்டனான்."

"பிள்ளை, நான் பயந்து போனன்."

"எனக்குப் பயமில்லையெண்டோ நினைச்சனீங்கள்? எனக்கும் பயம்தான். ஆனா பாட்டை நான்தான் பாடினனான். அதையும் என்னட்டையிருந்து பறிச்சுப்போட்டியள்."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சாதாரணமாகக் கதைக்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு தன் அறைக்குப் போய், அந்தக் கிழமை முழுக்கச் சாதகம் செய்யவில்லை. காலை ஐந்தரைக்கு அவளுடைய குரலுக்கு எழும்பிப் பழகிய வீடு அது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்குத் தடிமனோ, தொண்டை கட்டிப்போச்சோ?" என்று கேட்டார்.

மிருதங்கக்காரர் எழுத மறுத்துவிட்டார். எழுதாததால் அவருக்கு வேறு பாட்டுக்காரர்களோடு இருந்த கச்சேரிகளும் போயின. நாற்பது வயது மனிதர், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னது இரண்டு வசனம்தான்: "பிள்ளை, உன்னோடை எனக்குக் கோவமில்லை. ஆனா அம்மா இருக்கிற வீட்டுப் படி இனி மிதிக்கேலாது."

இத்தனைக்கும் என் மகளின் பெயர் பட்டியலில் இருந்து இறங்கவும் இல்லை. நான் போய்க் கேட்டேன்.

"ஒரு வருசம் பாப்பம் ரீச்சர்," என்றார் செயலாளர். "பிள்ளை திருந்தியிருக்கோ எண்டு சனத்துக்குத் தெரியோணுமே."

அவருடைய வாசலில் நின்றபோதுதான் எனக்கு அது விளங்கியது. அப்பாவின் கடிதம் அண்ணையைக் கொண்டுவந்தது, ஏனென்றால் அண்ணையைக் கொண்டுபோன அதிகாரிக்கு அண்ணை தேவைப்படவில்லை. இவர்களுக்குக் கடிதம்தான் தேவைப்பட்டது. மற்ற ஆறு பேரையும் பணியவைக்க அது போதும், மகளின் பெயரை இறக்கவேண்டிய தேவை இல்லை. வீட்டுக்கு நடந்து வந்த அந்தப் பத்து வீட்டுத் தூரத்தில், எனக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டே செய்யவேண்டியதைச் செய்யலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசைச் செலவு, பூ, அன்னதானம், கலைநிகழ்ச்சி எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அன்றைக்கு யார் பாடுவது என்பதும் அவர்கள் விருப்பம். ஏழாம் நாள், ஏழாம் திருவிழா, என் தாய்வழியில் எங்களுக்கு வந்தது. நிர்வாக சபை நோட்டீஸ் அடிக்கலாம், உபயகாரரின் நாளைப் பறிக்க முடியாது. அந்த நாளில் என் மகள் பாடுவாள் என்று முடிவெடுத்தேன். முதலில் அவளிடம் கேட்டேன்.

"கடிதம்?" என்றாள்.

"திருப்பி எடுக்கப்போறன்."

"எல்லாருக்கும் முன்னாலையோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலை."

அவள் தலையாட்டினாள். "சரி. சாமிக்கு முன்னாலை தேவாரம்தான் பாடுவன். ஆனா மன்னிப்புக் கேக்கிற மாதிரிப் பாட மாட்டன்."

நிர்வாக சபைக் கூட்டம் ஞாயிறு காலை கோயில் மடத்தில் நடந்தது. கணவரும் கூட வந்தார். பதினொரு ஆண்கள், பிளாஸ்டிக் கதிரைகள். நான் எழும்பி என் கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

"அது ஃபைலிலை போட்டாச்சு ரீச்சர்," என்றார் செயலாளர். "ஃபைலிலை போட்டதை எடுக்கேலாது."

"அப்ப இதையும் போடுங்கோ."

இரண்டாவது கடிதத்தை நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நின்றபடியே வாசித்தேன். 'முன்னைய கடிதம் என் பயத்தால் எழுதப்பட்டது. அதில் உள்ளது உண்மையல்ல. எனது மகள் அறிந்தே பாடினார். நானும் அங்கிருந்து கேட்டேன். அந்தக் கடிதத்தைக் காட்டி வேறு எவரிடமும் மன்னிப்புக் கேட்கக்கூடாது.' வாசிக்கும்போது தாள் என் கையில் சரசரத்தது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். எங்கள் ஏழாம் திருவிழாவில் மகள்தான் பாடுவாள் என்றும் சொன்னேன்.

பின்னால் இருந்த ஒருவர் சிரித்தார். "இனி ரீச்சர் வீட்டிலை சாமிப் படத்துக்குப் பக்கத்திலை சிவப்புக்காரர் கும்பிடுற தாடிக்காரற்றை படமும் தொங்குமோ?"

என் கணவர் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிற அதே அமைதியோடு திரும்பினார். "உங்கடை வீட்டு முன்னறையிலையும் ஒரு தாடிச் சாமியார் தொங்குறார்தானே அண்ணை. நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே."

இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏழாம் திருவிழா இரவு மண்டபத்திலை சபையின்ரை சொற்பொழிவு போட்டாச்சு. மேடை இல்லை. சவுண்ட்ஸும் சபையின்ரை."

"பகலிலை பாடுவா," என்றேன். அந்த நிமிடம் வரை நான் அப்படி யோசித்திருக்கவே இல்லை.

அன்று பின்னேரம் இரண்டாவது கடிதத்தை ஆறு நிழற்பிரதி எடுத்தேன். ஸ்கூட்டரில் பட்டியலில் இருந்த ஆறு பேரின் வீட்டுக்கும் போனேன். பண்டத்தரிப்பில் தொடங்கி உரும்பிராய் வரை. நாதஸ்வரக்காரர் வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாடகக்காரர் என்னைப் படலைக்கு வெளியிலேயே நிற்கவைத்து, "உது முதலே வந்திருக்கோணும்," என்றார். சரியாகத்தான் சொன்னார். மிருதங்கக்காரர் வீட்டில் அவருடைய மனைவி மட்டும் வெளியே வந்தார். உள்ளே யாரோ மிருதங்கத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "குடுத்துவிடுறன்," என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஒலிபெருக்கிக்காரர் எனக்குத் தெரிந்தவர், என்னிடம் படித்தவர். "ரீச்சர், உங்கடை ஒரு நாளுக்கு வந்தா மற்றக் கோயிலெல்லாம் என்னைத் தள்ளிவைக்கும். அடுத்த பட்டியலிலை என்ரை பேர்தான் முதல். என்னை மன்னியுங்கோ," என்றார். நான் மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் இருந்த இடத்தில்தான் அவரும் இருந்தார். மகளுக்கு வயலின் வாசிக்கிற பிள்ளை தொலைபேசியை எடுக்கவே இல்லை.

ஏழாம் திருவிழா வந்தது. பகல் பூசை முடிந்து, சாமி உள்ளே போய்விட்டது. சனம் அன்னதானத்துக்கு மடத்தின் முன்னால் பந்தலில் வந்து இருந்தது. உபய நாளில் உபயகாரர் முதல் இலையில் சோறு போட்டால்தான் பந்தி தொடங்கும். நான் சமையற்காரரிடம் போய், பாட்டு முடியத்தான் முதல் இலை என்று சொன்னேன்.

செயலாளர் வேகமாக வந்தார். "ரீச்சர், சனம் பசியோடை இருக்குது."

"அரை மணித்தியாலம்தான். இண்டைக்கு எங்கடை நாள்."

முன்னால் சம்மணமிட்டிருந்த ஒரு வயதான அம்மா தலையை உயர்த்தினார். "பாடட்டன் தம்பி, பாடினா என்ன? சோறும் சுடுது, கொஞ்சம் ஆறட்டும். போன வருசமும் உந்தப் பிள்ளைதானே பாடினது. நல்ல குரல்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செயலாளர் மடத்துத் தூணடியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகவில்லை.

பந்தலின் ஒரு ஓரத்தில் பாயை விரித்து மகள் இருந்தாள். சுருதிப் பெட்டி கொண்டுவர மறந்துவிட்டோம். என் தொலைபேசியில் தம்புராச் செயலி இருந்தது. அதைப் போட்டு அவளுக்கு முன்னால் வைத்தேன். மெல்லிய சத்தம். பந்தலில் கதைக்கிற சத்தத்தில் மூன்றாவது வரிசைக்குக்கூட அது போகாது. அவளுடைய வலப் பக்கத்தில் மிருதங்கக்காரர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றது எனக்குத் தெரிந்தது.

"தனியப் பாடுறன் அம்மா," என்றாள். "கைத்தாளம் போதும்."

அவள் கண்ணை மூடினாள். அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் தோளில் உறை போட்ட மிருதங்கம். கேணியடியில் கால் கழுவி, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, இருந்த சனத்துக்கு நடுவால் நேராக வந்தார். தூணடியில் நின்ற செயலாளரைக் கடந்துதான் வரவேண்டும். கடந்து வந்தார்.

எனக்கு முன்னால் நின்றார். நான் எழும்பினேன்.

"அக்கா, உங்கடை ரெண்டாவது கடிதம் கிடைச்சது," என்றார். "முதல் கடிதம் மாதிரி எழுத்து வடிவில்லை."

"கை நடுங்கினது தம்பி."

"அது தெரியுது. அதைப் பாத்துத்தான் வந்தனான்."

பாயில் அமர்ந்து உறையைக் கழற்றி, மிருதங்கத்தை மடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்ச் சுருதியைக் கேட்டார். பிறகு என் மகளைப் பார்த்தார்.

"மைக் இல்லையோ? பரவாயில்லை. நான் மெல்லமா வாசிக்கிறன் பிள்ளை. நீ சத்தமாப் பாடு."